தண்ணீர் குடிக்காத கயிறு

எனக்குச் சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது. வாய் மட்டும் ஊருக்கு மேல் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்காரர்கள் மனை வாங்கிப் போட்டு, வீட்டுக்கு முன்னால் கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். வெட்டுகிற கூட்டம் நாங்கள். நான் மேஸ்திரி. உள்ளே இறங்கிப் பாறை உடைப்பவன் என் தங்கை திரௌபதியின் புருஷன் தசரதன். மேலே நின்று கப்பிக் கயிறு இழுக்கும் நான்கு பேரில் திரௌபதியும் ஒருத்தி.

நாற்பத்தைந்து அடி போனபோது எங்கள் தேங்காய்நார் வடம் நைந்துவிட்டது. எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் நார் அழுகத்தானே செய்யும்? தசரதன் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

“எலி கடிச்ச மாதிரி கீது மச்சான். இதுல எறங்குன்றியே, உன் தங்கச்சி தாலி அறுக்கணும்னு ஆசையா?”

“வாயக் கழுவுடா” என்றேன். சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

அன்று சாயங்காலமே தேரடித் தெருவில் நசீருதீன் பாய் கடைக்குப் போனேன். நீல நைலான் கயிற்றை எடுத்துப் போட்டார். தூக்கிப் பார்த்தேன். எங்கள் வடத்தில் பாதி கனம்கூட இல்லை.

“இது அழுகாது ராஜேந்திரா, பூச்சி அரிக்காது. நாரை விட பலம் ஜாஸ்தி. ஆனா வெயில்லயே போட்டு வெச்சிடாத, நாளாக நாளாக வலு கம்மியாயிடும். நெருப்பாண்டயும் கொண்டு போகாத.” அறுத்த நுனியை மெழுகுவத்தியில் காட்டி, பிரியாமல் உருக்கி ஒட்டிக்கொண்டே பேசினார். “முக்கியமா முடிச்சப் பாரு. இது வழவழன்னு இருக்கும். நார் மாதிரி ஒண்ணையொண்ணு கவ்வாது. தண்ணியும் குடிக்காது, ஊதி இறுகாது. ரெட்டை முடிச்சா போடு, முடிச்சுக்கு வெளிய நுனிய ஒரு முழம் வாலா வுடு. ஆள் எறங்குறப்பல்லாம் ஒரு தடவை பார்த்துக்க.”

கடையில் நின்ற ஒருவன் இளித்தான். “மேஸ்திரிக்கே முடிச்சுப் பாடமா பாய்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பாய், நீ கயிறு விக்கிறவன், நான் கயித்துல தொங்குறவன். எனக்குச் சொல்லித் தராத” என்று சொல்லிவிட்டு வந்தேன். தொங்குகிறவன் நான் இல்லையே, தசரதன் அல்லவா? அது அப்போது உறைக்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள் உட்காரும் பலகையைக் கயிற்றில் கட்டியதும், முடிச்சின்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவோம். நார் தண்ணீரைக் குடித்து ஊதும், முடிச்சு கல்லாக இறுகும். என் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். தசரதன் இறங்கும்போது ஊற்றுகிறவள் எப்போதும் திரௌபதி. “அண்ணாமலையாரே” என்று முனகிக்கொண்டே ஊற்றுவாள்.

மறுநாள் காலையில் நைலானிலும் நான் பழையபடியே கட்டினேன். ஒற்றை முடிச்சு, இரண்டு விரல் வால். திரௌபதி சொம்போடு வந்தாள். பாய் சொன்னது எனக்கு நினைவு வந்தது. மறந்துபோயிருந்தால்கூடப் பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும். வந்தது ஐயா, நன்றாகவே வந்தது. ஆனால் அவிழ்த்து மறுபடி கட்டினால் அந்தக் கடைக்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே!

“ஊத்து” என்றேன்.

தண்ணீர் கயிற்றில் நிற்காமல் உருண்டு ஓடியது.

“இன்னாண்ணா, ஒட்டவே மாட்டேங்குது?”

“புதுக்கயிறு. அப்பிடித்தான் இருக்கும்.”

தசரதன் இறங்கினான். உச்சிப் பொழுது வரை உள்ளே சம்மட்டிச் சத்தம் கேட்டது. கூழ் குடிக்கும் நேரத்துக்குக் கயிற்றை ஆட்டினான். நால்வரும் இழுத்தார்கள். நான் விளிம்பில் குனிந்து, அவன் கையைப் பிடித்து ஏற்றக் காத்திருந்தேன்.

இரண்டு ஆள் உயரம்தான் பாக்கி. அப்போதுதான் முடிச்சைப் பார்த்தேன். வால் இல்லை. உள்ளே வழுக்கிப் போயிருந்தது.

“கயித்தப் புடி! டேய், மேல புடிடா!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். இழுத்துக்கொண்டிருந்த நான்கு பேரும் பின்பக்கமாக மண்ணில் விழுந்தார்கள். திரௌபதி எழுந்திருக்கும் முன்பே கீழேயிருந்து சத்தம் வந்துவிட்டது.

மேலே தூக்கும்போதே உயிர் இல்லை.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் பிணத்தை அறுத்துக் கொடுக்கும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். திரௌபதி என் பக்கம் திரும்பினாள்.

“கயிறு அறுந்து போவலியேண்ணா. முடிச்சுதானே அவுந்துச்சு?”

“ஆமாம்மா.”

“நான் சரியா ஊத்தல. தண்ணி ஒட்டலன்னு என் கண்ணால பார்த்தேன், பார்த்தும் வுட்டுட்டேன். இன்னொரு சொம்பு ஊத்தியிருந்தா இறுகியிருக்குமாண்ணா?”

இறுகாது. நூறு சொம்பு ஊற்றினாலும் இறுகாது. சொல்லடா பாவி, இப்போதாவது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. பாய் சொன்னார், நான் கேட்கவில்லை. அவ்வளவுதானே, ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தேன்.

“வுடும்மா. தெரியாம செஞ்சதுதானே. உன்னை யாரு குத்தம் சொல்லப் போறா?”

“அப்போ என்னாலதானா?” என்று அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “என் கையாலயே கொன்னுட்டனே!”

நான் அவள் கைகளைப் பிடித்துத் தடுத்தேன். தோளில் சாய்த்துக்கொண்டேன். அண்ணன் என்றால் இவனல்லவா அண்ணன் என்று யாரோ சொன்னார்கள்.