நேர்த்திக்கடன் பருத்தி

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கரி பஸ்ஸை நம்பிப் புறப்படுகிறவருக்குப் பக்தியைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கண்ணில் படுவதில்லை. பின்பக்கம் கட்டிய உருளையில் கரி எரிந்தால்தான் வண்டி நகரும். வாசுதேவநல்லூரில் ஏறிய நாற்பது பேரோடு அது சங்கரன்கோவிலுக்கு ஆறு மைல் இருக்கையில் நின்றே போயிற்று. விடாத சாரலில் கரி நனைந்து, நெருப்பு செத்துவிட்டது.

பேச்சித்தாய் மடியைத் தடவிப் பார்த்தாள். மடியில் பருத்தி முடிச்சு. மார்கழியில் மகள் மாரித்தாயைப் பாம்பு தீண்டி, பிள்ளை நுரை தள்ளிக் கிடந்தபோது வேண்டிக்கொண்டது அது. கோமதியம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் நேரத்தில், காட்டின் முதல் பருத்தியைச் சப்பரத்தின் மேல் அள்ளி வீசிச் சூறை விடுவதாக. பிள்ளை பிழைத்தாள். கடன் தீராவிட்டால் அந்தப் பாம்பு மறுபடியும் வாசலுக்கு வரும் என்பதில் தாய்க்காரிக்குத் துளி சந்தேகமில்லை.

டிரைவர் சலாவுதீன் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தார். ஓலை ஈரம், புல் ஈரம்.

"காஞ்ச பஞ்சு ஒரு மடி இருந்தாப் பிடிச்சிரும். யார்ட்டயாவது இருக்கா?"

முடிச்சில் வெள்ளை எட்டிப் பார்த்த பேச்சித்தாய் பக்கம் நாற்பது தலையும் திரும்பின.

"இது அம்மனுக்குள்ளது. தர மாட்டேன்."

"ஏட்டி, ஒன் ஒருத்திக்காக இத்தன சனமும் நடுரோட்டுல கெடக்கணுமா?" என்று எகிறினார் துரைப்பாண்டி. ஐம்பது ஏக்கர்க்காரர், காலடியில் பெரிய சாக்கு.

"ஒங்க சாக்குல என்ன அண்ணாச்சி?"

"மொளகா வத்தல். போட்டு எரிச்சா பஸ் ஓடாது, தும்மல்தான் வரும்."

சனம் சிரித்தது. பேச்சித்தாய் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொடுத்தால் வெறுங்கை, கொடுக்காவிட்டால் போய்ச் சேரவே வழியில்லை. பொழுதோ சாய்கிறது.

"தாயே, எம்மவளை நீதான் பாக்கணும்" என்று முடிச்சை அவிழ்த்து, தன் கையாலேயே உருளைக்குள் திணித்தாள். குப்பென்று பிடித்தது. வண்டி கிளம்பியது.

சங்கரன்கோவில் ரதவீதியில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். நல்லவேளை, காட்சி இன்னும் ஆகவில்லை. சாமி எதிரே வந்ததும் கம்புக் கதிரும் வத்தலும் பருத்தியும் சப்பரத்தின் மேல் பறந்தன. பேச்சித்தாய் கரி படிந்த வெறுங்கையோடு நின்றாள். அவளுக்கு நாலு முழம் முன்னால் துரைப்பாண்டி சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று பருத்தி. வாய்வரை பருத்தி.

அடப்பாவி! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முண்டியடித்துப் போய்ச் சாக்குக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

"ஏட்டி! என் நேத்திக்கடன்ல கை வைக்க?"

"ஒங்களது வத்தலுல்லா, அண்ணாச்சி? இது எம் பருத்தி."

அள்ளி, "மாரித்தாய்க்குத் தாயே!" என்று வீசினாள். கரிக்கை பட்ட பருத்தி அம்மன் சப்பரத்தில் போய் விழுந்தது. துரைப்பாண்டி சண்டை போடத் திரும்பினார். பஸ்ஸில் கூட வந்த சனம் சாக்கைப் பார்த்தபடி பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவர் மறுபடி சப்பரத்தின் பக்கமே திரும்பிக்கொண்டார்.