துவைக்காத போர்வை

புது வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியும் பூனை கட்டிலடியை விட்டு வெளியே வரவில்லை. மீன் வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. தையற்காரி தட்டைக் கட்டிலடிக்கே தள்ளிப் பார்த்தாள்.

"மகாராணிக்கு வீடு பிடிக்கல போல," என்றார் கணவர்.

"சும்மா இருங்க. பட்டினி கெடந்தே செத்துடப் போகுது."

கால்நடை மருத்துவரைப் போனில் கேட்டாள். "பழைய வீட்டு வாசனை இருக்கற துணி ஏதாவது போடுங்கம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுத்தமாகக் குடிவர வேண்டுமென்று பூனையின் மெத்தை முதற்கொண்டு எல்லாவற்றையும் துவைத்துவிட்டிருந்தாள். தையல் மெஷினைச் சுற்றிக் கட்டி வந்த போர்வை மட்டும் மிச்சம். அதை அவிழ்த்துக் கட்டிலருகே விரித்தாள்.

பூனை மெல்ல வந்து முகத்தைத் தேய்த்தது. பிறகு மீனைத் தின்றது. அவளும் குனிந்து போர்வையை முகர்ந்தாள். பதினாறு வருடம் உட்கார்ந்து தைத்த பழைய வீட்டு அறை அந்த வாசனையில் அப்படியே இருந்தது.

"நீயுமா?" என்றார் கணவர்.

அவள் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள்.