லைசென்ஸில் இருந்த ஒரு வரி

ஏலக்காய் வியாபாரி ஆதித்தன் போடி கடைவீதியில் அலுக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. மகன் சுடலையைப் பத்து வயதில் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்க உட்கார வைத்தாராம். பயல் பச்சைக்காயையும் பழுப்புக்காயையும் ஒரே குவியலாக்கி வைத்தானாம். "ஒரே அறைதான் விட்டேன். மறுநாள்லேருந்து ஒரு காய் மாறலையே! அந்தக் கவனந்தான் இன்னைக்கு அவனை ஏரோப்ளேன் ஓட்ட வச்சிருக்கு" என்று முடிப்பார். கேட்டவர்களே மறுபடியும் கேட்டுத் தொலைப்பார்கள்.

சுடலை அமெரிக்காவில் படித்து, விமானி லைசென்ஸ் வாங்கி, எண்பத்திரண்டில் ஊர் திரும்பினான். அந்தப் படிப்புக்காகக் குரங்கணிச் சரிவில் இருந்த தோட்டமே கைமாறிப் போயிருந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே காக்காய்கூட ஓட்ட முடியாது என்று. அதை இந்திய லைசென்ஸாக மாற்ற விமான விதிகள், வானிலை, நேவிகேஷன் என்று பரீட்சைகளை மறுபடி எழுத வேண்டும். அங்கே படித்த விதி வேறு, இங்கே கேட்கிற விதி வேறு. இரண்டு தடவை தோற்றான். மூன்றாம் தடவை தேறியபோது ஆதித்தன் கிட்டங்கியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். உடல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

அதற்காகப் பெங்களூர் போன சுடலை மூன்றாம் நாள் மத்தியானம் பஸ்சில் வந்து இறங்கி, நேரே கிட்டங்கிக்குள் நுழைந்தான். பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னலே, கையெழுத்துப் போட்டுட்டானுகளா?" என்றார் ஆதித்தன்.

"இல்லப்பா. எனக்கு லைசென்ஸ் கிடைக்காது. பச்சைக்கும் செவப்புக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியலையாம். பொறவியிலேயே அப்படியாம்."

"எந்த மடப்பய சொன்னான்? அமெரிக்காக்காரன் குடுத்தானேடா!"

"ராத்திரியில ஓட்டக் கூடாதுன்னு ஒரு வரி போட்டுத்தான் குடுத்தான். இங்க அதெல்லாம் செல்லாதாம்."

"இதை ஏன்லே எங்கிட்டச் சொல்லல?"

"அங்க கலர் பாக்குற பரிசோதனையில நாந்தான் கவனமாப் பாக்காமத் தப்பாச் சொல்லிட்டேன்னு நெனச்சேன்ப்பா. சின்னதுல நீங்க அடிச்சப்புறம் கவனமாப் பாத்தேன், சரியா வந்துச்சுல்ல? அதே மாதிரி இங்கயும் வந்துரும்னு இருந்துட்டேன்."

ஆதித்தன் பிரிக்காத காய் கிடந்த ஒரு முறத்தை இழுத்து அவன் முன்னால் வைத்தார். "பச்சையைப் பொறுக்குலே."

சுடலை குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு காயையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். அவ்வளவு கவனமாக அந்தக் கிட்டங்கியில் ஒருத்தரும் பொறுக்கியதில்லை. அவன் சேர்த்த குவியலில் பாதிக்குப் பாதி பழுப்பு.

இருபது வருசமாக அங்கே காய் பொறுக்கும் பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாந்தான் பாவி, அண்ணாச்சி. அன்னைக்குப் புள்ள கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சு. மனசு கேக்கல. மறுநாள்லேருந்து நீங்க வந்து பாக்குறதுக்கு முன்னால தம்பி குவியலை நாந்தான் வெரசா மாத்தி வச்சுருவேன். தம்பிக்கே தெரியாது."

ஆதித்தனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. சுடலையோ தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டே இருந்தான்.

"போதும்யா," என்றார். "நீ கவனமாத்தான்யா இருந்திருக்கே. அன்னைக்கும்."

அந்தக் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். இருபத்தாறு வயது மகன் சட்டென்று முகத்தை ஒதுக்கிக்கொண்டான்.