சம்ரானின் விலாவில் விழுந்த தட்டு

முள்தோல் டுரியான் பழத்தை வெட்டாமலே உள்ளே காயா கனியா என்று சொல்வதுதான் சம்ரானின் பிழைப்பு. ரப்பர் முனை வைத்த குச்சியால் இரண்டு தட்டு, காதைக் கொஞ்சம் சாய்ப்பான், அவ்வளவுதான். தாய்லாந்தின் சந்தாபுரிப் பழக் கொட்டகைகளில் அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வீட்டில் மட்டும் அந்த அதிகாரம் செல்லுபடியாகவில்லை.

இளவயதிலேயே ஒட்டிக்கொண்ட ஹெபடைடிஸ் பி கிருமி அவன் ஈரலைக் கொஞ்சம் இறுக வைத்திருந்தது. எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வருடா வருடம் ஆஸ்பத்திரியில் அளப்பார்கள். இந்த வருடம் அதற்கு முன்பே, சொந்தத் தோட்டம் போடுகிறேன் என்று டுரியான் கன்றுகளை வாங்கி வந்துவிட்டான். மனைவி லமை மண்வெட்டியை ஒளித்து வைத்தாள்.

"காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும்யா. ஈரல் என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளு. அப்புறம் குழி தோண்டு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காண்டா அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். விலா எலும்புகளுக்கு நடுவே களிம்பைத் தடவி, கருவியின் முனையை வைத்து அழுத்தினாள். டொக், டொக் என்று உள்ளே தட்டியது.

"என் தொழிலை எங்கிட்டயே காட்டுறியே, பொண்ணு," என்று இளித்தான்.

காண்டா சிரிக்கவில்லை. போன வருடம் எட்டு என்று வந்த இறுக்க அளவு இப்போது பதின்மூன்றில் நின்றது. கூட வந்திருந்த லமை எழுந்து கட்டிலருகே வந்தாள்.

"மாமா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் காண்டா.

"சோத்தைக் கண்ணால பாக்கலம்மா."

காண்டா மூக்கைச் சுளித்தாள். அறை முழுக்க டுரியான் வாடை. லமைக்கு உடனே புரிந்துபோனது.

"விடிஞ்சதும் கொட்டகைக்கு ஓடினியே, அங்க என்ன பண்ணின?"

"ருசி பாத்தேன். ஒவ்வொரு தோட்டத்துப் பழத்துலயும் ஒரு சுளை. லாரி நிறைய சரக்கு வந்துச்சு, நான் என்ன பண்ண? அது வேலை. சாப்பாடா?"

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லாம் இதே கணக்குத்தான். சோறு உள்ளே போகாதவரை வெறும் வயிறு. காண்டா இப்போதுதான் சிரித்தாள். சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்தம் பாய்ந்து அளவு ஏறிவிடும், மூன்று மணி நேரம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்றாள்.

வாசலில் சுட்ட வாழைப்பழ வண்டி நின்றது. லமை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவன் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

"பதிமூணுதான் நெசம்னா?" என்றான் கடைசியில்.

"நெசம்னா என்ன? கன்னை நட்டுத்தான் ஆகணும். உன்னால முடியலேன்னா நான் தட்டிப் பாத்துப் பறிக்கிறேன்." சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அதுக்காக என்னை விட்டுட்டுப் போயிடாத."

அவன் வேர்வையைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுபடி அளந்தார்கள். ஏழரை. போன வருடத்தைவிடக் குறைவு. "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க மாமா," என்றாள் காண்டா. "அடுத்த தடவை கொட்டகைக்கு லீவு போட்டுட்டு வாங்க."

சாயங்காலம் லமையே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். முதல் குழியைத் தோண்டிவிட்டு அவன் நிமிர்ந்தபோது, அவனுடைய குச்சியாலேயே அவன் விலாவில் இரண்டு தட்டு தட்டினாள். அவனைப் போலவே காதைச் சாய்த்தாள்.

"என்னவாம்?" என்றான்.

"சுத்தக் காய். இன்னும் ரொம்ப நாளைக்கு மரத்துலயே கிடக்கணும்."