மூன்றாவது வரி

அவனுக்குச் சம்பளமே தப்பான புரோகிராம் எழுதுவதற்குத்தான். கம்ப்யூட்டரையே ஆட்டி வைக்கும் கெர்னலுக்குள் ஓட வரும் சின்னச் சின்ன புரோகிராம்களை முதலில் ஒரு காவல் புரோகிராம் வரி வரியாகச் சோதிக்கும். ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவகத்தில், தான் இன்னும் எதுவும் எழுதாத இடத்தைப் படிக்கப் பார்க்கும் புரோகிராமை அது உள்ளே விடக் கூடாது. விடுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை.

அன்று காலை விட்டுவிட்டது.

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காவல் புரோகிராமை எழுதிய அக்காவை மீட்டிங்கிலிருந்து கையோடு கூட்டி வந்தான். பின்னாலேயே மேனேஜரும் வந்துவிட்டார்.

"உங்க காவல்காரன் தூங்கிட்டான்க்கா," என்றான், வாயெல்லாம் பல்லாக.

அக்கா திரையை நிதானமாகப் படித்தாள். "மூணாவது வரியில அந்த இடத்துல நீயே சைபர் எழுதி வச்சிருக்கியேப்பா. சைபரும் எழுதினதுதானே, அவன் ஏன் தடுக்கணும்?"

பழைய டெஸ்டைக் காப்பி அடித்தபோது ஒட்டிக்கொண்டு வந்த வரி அது. தான் எழுதியதையே படிக்காத ஆள், அடுத்தவன் எழுதாததைப் படிக்கிறானா என்று வேவு பார்க்கக் கிளம்பியிருக்கிறோமே என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. மேனேஜர் இருமிக்கொண்டே நழுவினார்.

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். திரையில் சிவப்பாக மறுப்பு வந்தது.

மத்தியானம் மனைவி போனில், "வேலை எப்படிங்க போகுது?" என்றாள்.

"காலையில உள்ள விட்டுச்சு, மானம் போச்சு. இப்ப விரட்டி விட்டுடுச்சு, நிம்மதியா இருக்கு."

அவள் சற்று யோசித்தாள். "நீங்க முதல்ல சாப்பிடுங்க."