மேலே காற்று அதிகம்

“இன்னைக்குக் காத்து எப்படிடீ?”

கடைசி மூன்று வாரமும் அம்மா அவளிடம் கேட்டது இது ஒன்றைத்தான். வேலை முடிந்து வந்து அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளறைக் கட்டிலிலிருந்து குரல் வரும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட பிறகு அம்மாவின் பேச்சில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் வெளியே வந்தன. பழகிய காதுக்கு மட்டும் புரியும். அவளுக்குப் புரியும். “அதிகம்மா” என்று சொல்லிவிட்டு நேரே முகம் கழுவப் போய்விடுவாள்.

இப்போது அவள் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சித்தி பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். முடி கொஞ்சம்தான். ஆனாலும் சிக்கு இருந்தது. வலிக்குமோ என்று அவள் கை மெதுவாகப் போனது.

“பாத்தியாடி, எங்க அக்கா வாய் நேராயிடுச்சு” என்றாள் சித்தி.

நேராகத்தான் ஆகியிருந்தது. இரண்டு வருடமாகக் கீழே தொங்கிய உதடு, யாரோ பிடித்திருந்ததை விட்டுவிட்டதுபோலத் தன் இடத்துக்கு வந்திருந்தது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வருகிறவர்களையெல்லாம் அதட்டிய பழைய அம்மா அது. இனி யார் வந்து பார்த்தாலும் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சீப்பு பாதியில் நின்றுவிட்டது.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல சித்தி. சிக்கு.”

முன்னறையில் பெஞ்சு போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் அப்பா உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகத்தைத் தடவியபடி, வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். பேசும் வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். அழுவதற்கும், நாற்காலிக்காரனைத் திட்டுவதற்கும், செய்தி சொல்வதற்கும் சித்திக்கு ஒரே குரல்தான்.

“நாற்காலி கேட்டா முக்காலி அனுப்பியிருக்கான் பாவி. நீங்க இதுல உக்காருங்கக்கா, பாத்து, கால் ஆடும். என்னத்தச் சொல்ல? படுத்தவ எழுந்திருக்கல. ஒரே ஒரு ஆசை, பொண்ணு ஓட்டற பலூன்ல ஒரு தடவ ஏறணும்னு. நல்ல துணியா உடுத்திக்கிட்டுப் போனா. போனா, மேல காத்து அதிகம்னு இவ ஏத்த மாட்டேன்னுட்டா! பெத்தவளா இருந்தா என்ன, சட்டம்னா சட்டம்தான். எங்க வீட்டுப் பிள்ளை அப்படி.”

கேட்டவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், “பொறுப்பான பிள்ளை” என்றார். அவள் சமையலறைக்குள் போய், ஏற்கெனவே கழுவியிருந்த தம்ளர்களை மறுபடியும் கழுவினாள். சித்தி அடுத்து வந்தவர்களிடம் முதலிலிருந்து தொடங்குவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

அந்த பலூன் ஏரிக்கரைப் பூங்காவில் இருந்தது. அது எந்த ஊருக்கும் போகாது. இரும்பு வடத்தில் கட்டியபடியே மேலே போகும், ஊரைக் காட்டும், வடத்தைச் சுற்றி இழுத்தால் கீழே வரும். மேயப் போன மாட்டுக்குக் கயிறு நீளமாக விட்ட மாதிரி என்பாள் சித்தி. அதற்கு அவள்தான் பைலட். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள், நீலச் சட்டை போட்டுக்கொண்டு முப்பது பேரை மேலே கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள் என்பதில் அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. அந்தச் சட்டையை அம்மாதான் தைத்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். நங்கூரம்.

பூங்காவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வடத்தைச் சுற்றும் வின்ச் அவர் பொறுப்பு. பலூன் மேலே இருக்கும்வரை அந்த இடத்தைவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட நகர மாட்டார். மேலேயிருந்து அவள் வாக்கி டாக்கியில் “காத்து” என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன், எவ்வளவு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த மூச்சில் வின்ச் சுழலத் தொடங்கிவிடும்.

அவர் உள்ளே வந்து அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவளிடம் வந்தார். கையைக் கழுவியிருந்தும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு.

“கட்டிட்டுத்தான் வந்தேன்மா. எல்லாக் கயிறையும் வளையத்துல போட்டு, சுத்திவர மணல் பையும் வெச்சாச்சு. புயல் அடிச்சாலும் அசையாது. நீ அதை நெனைக்காத.” தொண்டையைச் செருமினார். “அத்தனையும் அம்மா தச்ச பை. ஒரு தையல் பிரியல இன்னும்.”

“சரிண்ணே.”

“மேனேஜர் ‘காற்று அதிகம்’னு எழுதியிருக்கற அந்தப் பலகையவே கேட்ல மாட்டிட்டுப் போன்னான். நான் மாட்டல. ‘இன்று விடுமுறை’ன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சேன்.”

“ஏதோ ஒண்ணு மாட்டினா என்னண்ணே?”

“என்னம்மா நீயே இப்படிக் கேக்கற?” உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “ஒரு இலை ஆடல. இன்னைக்குப் பொய்யா மாட்டினா, நெஜமா அடிக்கற அன்னைக்கு எவன் நம்புவான்?”

சொல்லிவிட்டு அப்பா இருந்த பக்கம் திரும்பினார். அவள் அவசரமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே! வாசல்ல தார்ப்பாய் தொங்குது. கொஞ்சம் இழுத்துக் கட்டறீங்களா?”

அவர் உடனே வெளியே போனார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அன்று அம்மாவும் அப்பாவும் வாடகை வண்டியில் பூங்காவுக்கு வந்து இறங்கினார்கள். முன்பே பேசி வைத்ததுதான். சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று நங்கூரம் ஒரு சாய்பலகையே செய்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் வின்ச் குழிக்குள் வடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். வரிசையில் ஏதோ ஒரு கம்பெனியின் ஆட்கள், குடும்பம் குழந்தைகளோடு, நல்ல துணியும் நல்ல வாசனையுமாக நின்றார்கள். அம்மா பலூனை அண்ணாந்து பார்த்தாள். உடனே சிரிப்பு வந்துவிட்டது.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட சிரிப்பு அது. சந்தோஷமோ பயமோ அழுகையோ, எதற்கும் அதுதான் வரும். வந்தால் அம்மாவால் நிறுத்த முடியாது. மூச்சை இழுத்து இழுத்து, உடம்பு குலுங்க, மோவாயில் எச்சில் வழியச் சிரித்தாள். வரிசையில் ஒரு குழந்தை தன் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இவங்களும் எங்ககூடத்தான் வர்றாங்களா, பைலட்?”

ஆள் நிற்கும் கூடை வட்டமானது. எடை ஒரு பக்கம் சாயாமல் எல்லாரும் சுற்றிவர நிற்க வேண்டும். யார் எங்கே நின்றாலும் எதிரில் இருப்பவர் கண்ணில் படுவார்கள்.

“இல்ல” என்றாள் அவள்.

குனிந்து அம்மாவின் மோவாயைத் துடைத்தாள். “மேல காத்து அதிகம்மா. இன்னைக்கு முடியாது.”

காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

பைலட் அப்படிச் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. கீழே நிற்கிறவர்களுக்கு மேலே அடிக்கும் காற்று தெரியாது. எவ்வளவோ பெரிய மனிதர்களெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அம்மாவும் தலையாட்டினாள். சிரிப்புகூட நின்றுவிட்டது. “அப்போ நீயும் போகாத” என்றாள். பிறகு கழுத்தைத் திருப்பி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, நல்லாயிருந்த கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். “போகாதீங்க! காத்து! போகாதீங்க!”

அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குப் புரிந்தது. புரிந்தும், புரியாதவள்போல நாற்காலியை வாசலை நோக்கித் தள்ளினாள்.

பாட்டிலோடு வந்த அப்பாவையும் ஏற்றிக்கொண்டு வண்டி சாலைத் திருப்பத்தில் மறையும்வரை வரிசையை நிறுத்திவைத்தாள். நங்கூரம் குழியிலிருந்து ஏறி, சாய்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அம்மா எங்கம்மா?”

“பயந்துட்டாங்கண்ணே. வேண்டாம்னுட்டாங்க.”

“அவங்களா?”

“ம்.”

அவர் பலகையைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார். அவள் கூடையின் கதவைத் திறந்தாள். அந்த வருடத்திலேயே அவ்வளவு அசையாமல் பலூன் மேலே போனது அன்றுதான்.

வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும், வானமோ பலூனோ தெரியாது. அன்று மாலை அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

வாசலில் இப்போது தார்ப்பாய் முரசுத் தோல்போல விறைத்து நின்றது. நங்கூரம் உள்ளே வந்தார். முக்காலிகளை மாற்றி வரச் சொல்லி அவள் அனுப்பினாள். மாற்றி வந்தார். ஐஸ் போதாது என்றாள். இரண்டு பாளம் வாங்கிவந்தார்.

“ஏண்டி, துக்கத்துக்கு வந்த மனுஷனை இப்படியா வெரட்டுவ? அவரு என்ன உனக்கு எடுபிடியா?” என்றாள் சித்தி. “வெறும் வயித்தோட அலையறாரு. போய் டீ போட்டுக் கொண்டாடி.”

அப்பாவும் தலையைத் தூக்கினார். “தம்பி, இங்க வாங்க. வந்து உக்காருங்க.”

அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் டீ போட்டாள். சர்க்கரை போட்டோமா என்று நினைவில்லாமல் மறுபடியும் போட்டாள். தட்டோடு வாசற்படிக்கு வந்தபோது அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

“உங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதை தம்பி. நாற்காலி ஏற பலகையெல்லாம் செஞ்சு வெச்சிருந்தீங்களே.”

“அதுக்கென்னங்கய்யா. அம்மா மட்டும் அன்னைக்குப் பயப்படாம இருந்திருந்தா, பூ மாதிரி மேல கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.”

“பயமா? யாரு, இவளா?”

“பயமாவது! நல்லாயிருக்கே!” என்றாள் சித்தி. “பயப்பட்ட மூஞ்சியா அது? காத்து அதிகம்னுல்ல இவ திருப்பி அனுப்பினா!”

நங்கூரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அவள் தட்டைப் பார்த்தாள். டீயின் மேல் ஆடை படரத் தொடங்கியிருந்தது.

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “காத்துதானே தம்பி அன்னைக்கு?” குரல் இறங்கியிருந்தது. “ஏன் கேக்கறேன்னா, இவளுக்கே உள்ள ஒரு சந்தேகம் இருந்துது. வண்டியில வரும்போது வெளிய பாத்துக்கிட்டே வந்தா. ‘இலைகூட ஆடலையே’ன்னா. நான்தான், கீழ ஆடாது, மேலதான் ஆடும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்தி எங்கிட்ட பேசல.”

நங்கூரம் கட்டை விரல் நகத்திலிருந்த கறுப்பை இன்னொரு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அது போகவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

“காத்துதாங்கய்யா” என்றார் அவர்.

“பலமாவா?”

“பலமா.” அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “பயந்தது அம்மா இல்ல. நான்தான். வேண்டாம்னு நான்தான் சொன்னேன். பாப்பா சொன்னது சரி.”

அப்பா நெடுநேரமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். கை நீட்டி அம்மாவின் தோளில் துணியைச் சரிசெய்தார். “அதைத்தான் நானும் சொன்னேன்” என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு அன்றைக்கு முதல்முறையாக அழுதார்.

சித்தி அவர் முதுகைத் தடவினாள். அவள் தட்டை நீட்டினாள். நங்கூரம் எழுந்துகொண்டார். டீ இருந்த பக்கம் அவர் கண் போகவில்லை.

வெளியே அமரர் ஊர்தி வந்துவிட்டது. குறுகலான தெரு. ஓட்டுநர் பின்பக்கமாக வர முயன்று முயன்று நிறுத்தினான். நங்கூரம் வெயிலில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பலூன் இறங்கும்போது செய்வதுபோல உள்ளங்கையை மெல்ல மெல்ல மடக்கினார். வா. இன்னும் வா. கொஞ்சம் இடது பக்கம். தரையைத் தொடும் நேரத்தில் செய்வதுபோல விரல்களை மூடினார். சுவரில் உரசாமல், படிக்கு நேராக வண்டி நின்றது.

தட்டைப் பிடித்தபடியே அவள் படியில் நின்றாள். “அண்ணே” என்றாள். அவளுக்கே அது கேட்கவில்லை.

அவர் பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். வீட்டு முன்னால் ஸ்டார்ட் செய்யாமல், கூட்டத்துக்கு நடுவே தள்ளிக்கொண்டே நடந்தார். அவளைக் கடந்தபோது அவர் தோள் தார்ப்பாய்க் கயிற்றில் பட்டது. தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போய், முனையில் திரும்பி மறைந்தார்.