குதிரைப் புத்தகத்தின் கடைசி அதிகாரம்

வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்த பாலசிங்கம், முதுகிலிருந்த மருந்துத் தாங்கியை இறக்கவும் மறந்து வாசல் படலையடியில் நின்றுவிட்டார். விறாந்தைக் கதிரையில் மனைவி கனகம்மா இருந்தாள். மடியில் ஒரு தடித்த புத்தகம், பக்கத்து ஸ்டூலில் இன்னும் இரண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அட்டைகளைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்றையும் போன கிழமைதான் அவசரம் அவசரமாகக் கொண்டுபோய் நூல்நிலையத்தில் கொடுத்துவிட்டு, விட்டது சனி என்று திரும்பி வந்திருந்தார். விட்ட சனி இப்போது வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு இருந்தது.

இந்த வீட்டில் புத்தகப் பைத்தியம் கனகம்மாதான். பாலசிங்கம் அறுபது வயதுவரை பசளைப் பையில் இருக்கிற எழுத்தைத் தவிர வேறெதையும் முழுதாக வாசித்த மனிதர் அல்லர். சண்டைக்கு ஊரைவிட்டு ஓடும்போது அலுமாரி நிறைய அவளுடைய புத்தகங்களை விட்டுவிட்டு ஓடினார்கள். முகாமெல்லாம் கிடந்துவிட்டு 2010இல் இலுப்பைக்கடவைக்குத் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. அதற்குள் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. "அம்மா சும்மா இருந்து யோசிச்சு யோசிச்சே செத்துப்போவா. நீங்கள் ஏதேனும் வாசிச்சுக் காட்டுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு மகள் நிருஷா முருங்கனுக்குப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

யோசிக்கக் கனகம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். கடைசிச் சண்டை நேரம், "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எணை அம்மா" என்று பச்சைக் கலனைத் தூக்கிக்கொண்டு போன மகன் பிரசாந்தன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனும் வரவில்லை, கலனும் வரவில்லை. அவர்கள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை, படத்தைக் காட்டாத ஆள் இல்லை.

நூல்நிலையத்துப் பிள்ளை ஜெயந்தினியிடம் பாலசிங்கம் போய், "தடியான புத்தகமாப் பாத்துத் தா பிள்ளை. கெதியில முடியப்படாது" என்று கேட்டார். அங்கே தடியாக இருந்ததெல்லாம் சண்டை நாவல்கள். சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்த சனத்துக்குச் சண்டைக் கதைதான் குறை என்று மனதுக்குள் திட்டினாலும், வேறு வழியில்லாமல் கொண்டுவந்தார். எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, ஒரு பக்கத்துக்கு இரண்டு தரம் தண்ணீர் குடித்து வாசித்தார். ஒரு புத்தகம் முடிய மூன்று நாலு மாதமாகும்.

தலைப்பெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் நிற்பதில்லை. ராசா காலத்துச் சண்டையைச் சொன்னது குதிரைப் புத்தகம். பறங்கியர் வந்து கரையைப் பிடித்த கதை கோட்டைப் புத்தகம். எங்கேயோ வெள்ளைக்காரத் தேசத்து யுத்தம், தமிழில் ஆக்கியது, அது பனிப் புத்தகம். கனகம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறை பிடிப்பாள்.

"அறுபதினாயிரம் பேர் பன்னிரண்டு நாள் நடந்து வந்தவையாம். ஒரு இடத்திலயும் உலை வைக்கேல்லை. ஒருத்தருக்கும் வயித்தாலயும் போகேல்லை. குதிரை எழுதினவர் சண்டையைத் தூர நிண்டும் பாக்கேல்லையப்பா."

"கோட்டைக்காரர்?"

"அவர் பரவாயில்லை. கிணறு வத்தினதை எழுதியிருக்கிறார். ஆனா பனிக்காரர்தான் அனுபவிச்சவர். ஈரச் சப்பாத்தைக் கழட்டப் பயந்துகொண்டு நித்திரை கொள்ளுறதை அனுபவியாமல் எழுதேலாது." முகாமின் முதல் மழையில் அவளும் அப்படித்தான், செருப்பைக் கழற்றினால் சேறு கொண்டுபோய்விடும் என்று செருப்புக் காலோடேயே படுத்தவள். அவர் அடுத்த வரியைத் தேடினார்.

ஒவ்வொரு புத்தகத்திலும், யார் செய்த பாவமோ, ஒரு பெடியன் காணாமற்போனான். அவன் காணாமற்போன பக்கத்திலிருந்து கனகம்மாவுக்கு ராசாவும் வேண்டாம் ராச்சியமும் வேண்டாம். "அவனைப் பற்றி ஏதும் வருதோ?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்பாள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பாள். குதிரைப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் அந்தப் பெடியனை விழுந்த யானையின் கீழிருந்து பிணமாக இழுத்து எடுக்கிறார்கள். பாலசிங்கம் அந்த வரிக்கு வந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அதை வாசிக்க அவருக்கு வாய் வரவில்லை. "அப்ப, படலை திறக்கிற சத்தம் கேட்டது. தாய் எட்டிப் பாத்தாள்" என்று தன்பாட்டில் தொடங்கினார். வந்த பெடியன் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே தெரிந்ததைச் சொன்னார். "எணை அம்மா, பசிக்குது. அவிச்ச மரவள்ளியும் இடிச்ச சம்பலும் இருக்கோ?" அன்றைக்குக் கனகம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த மனிதன் பிறகு எப்படி உள்ளதை வாசிப்பான்? கோட்டையில் கடலோடு போனவனும், பனியில் ரயில் பாதையோரம் விறைத்துச் செத்தவனும் அதே படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

பிறகுதான் மன்னார் ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது. அவள் அங்கே கிடந்த நாட்களில் கிராம சேவையாளர் வீடு தேடி வந்து ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். குளத்தடி வயலைப் பாட்டன் பேரன் பிரசாந்தனின் பேரில் எழுதி வைத்திருந்தார். அதை நிருஷாவுக்கு மாற்றுவதென்றால் பிரசாந்தனுக்கு மரணச் சான்றிதழ் வேண்டும். தகப்பனும் தாயும் கையெழுத்து வைக்க வேண்டும். நிருஷா கேட்கவில்லை, பாவம். ஆனால் அவளுடைய புருஷன் இரண்டு போகமாக அடுத்தவன் வயலில் கூலிக்கு நிற்கிறான். பாலசிங்கம் ஒருநாள் முழுக்க அந்தப் படிவத்தோடு இருந்தார். கடைசியில் இறந்த இடம் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிரப்பிக் கையெழுத்து வைத்தார். தாயின் கையெழுத்தை எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. கண்ணில் படாமல் எங்கேயோ பத்திரமாக வைத்தார். அவள் கண்கட்டு அவிழ்த்து வந்தபின், வாசிக்கமுதல் மூன்று புத்தகத்தையும் வீட்டைவிட்டு எடுத்துவிட்டால் போதும் என்று ஓடித் திரிந்ததில் வைத்த இடம் மறந்துபோய்விட்டது. ஒரு கிழமையாக அரிசிப் பானைக்குள்ளும் கூரைத் தீராந்தி மரத்துக்கு மேலும் தேடிக்கொண்டிருந்தார்.

"தாங்கியை இறக்குங்கோவன். முதுகு விட்டுப்போகப் போகுது" என்றாள் கனகம்மா, தலையைத் தூக்காமலே.

இறக்கி வைத்தார். "நூல்நிலையத்துக்கு ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"இப்ப கண் தெரியுதுதானே. நடந்து போனனான். ஐயா கடைசியா என்னத்தை வாசிச்சவர் எண்டு கேக்க, ஜெயந்தினி இந்த மூண்டையும் எடுத்துத் தந்தவ."

அவர் விறாந்தைக் குந்தில் இருந்தார். கையெல்லாம் மருந்து மணந்தது.

"மூண்டிலயும் கடைசியைத்தான் முதல்ல பாத்தனான். ஒண்டு யானைக்குக் கீழ. ஒண்டு கடலோட. மற்றது பனிக்குள்ள" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பேசுறதெண்டாப் பேசு, கனகம்."

"எனக்கு அப்பவே தெரியும். ராசா காலத்தில சம்பல் இடிக்க ஏதப்பா செத்தல் மிளகாய்? பறங்கியர் கொண்டு வந்ததெல்லோ அது. பனிக்குள்ள மரவள்ளி முளைக்குமே? மூண்டு எழுத்தாளர் மூண்டு விதமா எழுதிப்போட்டு, முடிவில மட்டும் மூண்டு பெடியளும் வந்து இடிச்ச சம்பல் கேக்கிறாங்கள். அதுவும் எணை அம்மா எண்டு."

"பிறகேன் நீ வாய் திறக்கேல்லை?"

"கேக்க நல்லா இருந்தது" என்றாள். "அந்த வெள்ளைக்காரப் பெடியன் சம்பல் கேக்க, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் நிப்பாட்டிப்போடுவியள் எண்டு ரெண்டையும் அடக்கிக்கொண்டிருந்தனான்."

குதிரைப் புத்தகத்தை விரித்தாள். கடைசி அதிகாரத்துக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்து அவர் பக்கம் நீட்டினாள். ஒரு கிழமையாக அவர் தேடிய படிவம். பத்திரமான இடம் என்று நினைத்து அவரே வைத்த இடம்.

"இதுவும் உங்கட எழுத்துத்தானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"மூண்டு புத்தகத்தில அவனைக் கொண்டுவந்து சேத்த மனிசன், இதில மட்டும் ஏனப்பா இப்பிடி எழுதினனீங்கள்?"

பாலசிங்கம் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நிருஷா, வயல், மருமகன், கிராம சேவையாளர் என்று சொல்ல நினைத்ததெல்லாம் சால்வைக்குள்ளேயே போயிற்று. "எனக்கு ஏலாமப் போச்சு கனகம். நாலு வருசமா நானும் படலையைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். களைச்சுப் போனன்" என்று மட்டும் சொன்னார். அவர் அழுது முடியும்வரை கனகம்மா படிவத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"நான் பிழை சொல்லேல்லை. எங்கட பெட்டை நிருஷாவும் சீவிக்கத்தானே வேணும்" என்றாள் பிறகு. "எப்ப குடுக்கோணும்?"

"திங்கக்கிழமை."

"இண்டைக்கு வெள்ளிதானே."

படிவத்தை மடித்து ஸ்டூலில் வைத்து, அதன்மேல் பனிப் புத்தகத்தைப் பாரமாக ஏற்றினாள். நெற்றியிலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். குதிரைப் புத்தகத்தை அவருடைய மடியில் வைத்தாள்.

"வாசியுங்கோ."

"எதை?"

"கடைசி அதிகாரத்தை. நீங்கள் வாசிக்கிற மாதிரி."

பாலசிங்கம் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் தூக்கினார். வாசிக்கிற கண்ணாடி உள்ளே கிடந்தது. அது தேவைப்படவில்லை. வந்தபோது அதிர்ச்சியில் சாத்தாமல் விட்ட படலை எதிரே ஆவென்று திறந்து கிடந்தது. அதற்கப்பால் வெயில் தாழ்ந்த றோட்டில் ஒருவரும் இல்லை.

"படலை திறக்கிற சத்தம் கேட்டது. தாய் எட்டிப் பாத்தாள்" என்று தொடங்கினார். "பெடியன் நிண்டான். மெலிஞ்சு போனான்தான். ஆனா அவன்தான்."

கனகம்மா முகத்தைப் படலைப் பக்கம் திருப்பினாள்.

"கையில என்ன வைச்சிருந்தவன்?"

அதை அவள் இதுவரை கேட்டதில்லை. அவர் புத்தகத்தைப் பார்த்தார்.

"பச்சைக் கலன்."

"தண்ணி இருந்ததோ?"

"ஓம்" என்றார் பாலசிங்கம். "வழிய வழிய இருந்தது." சொல்லிவிட்டு, அங்கே எழுதியிருப்பதுபோலப் பக்கத்தைப் புரட்டினார்.